இரண்டாவது கங்காணிக்கு எதிராக ஒரு மனு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தில், கைப்பேசிக்கு உயிர் வரும் இடம் ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. அதிலும் தொட்டியின் கிழக்கு மூலையில், இடது காலைக் கல்லின்மேல் வைத்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால்தான் இரண்டு கோடு விழும். என் கட்டுரை நிராகரிக்கப்பட்ட செய்தியை அந்த நிலையில் நின்றுதான் படித்தேன். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் நான் ஏதோ நேர்த்திக்கடன் செலுத்துகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

விஷயம் சாதாரணமானதல்ல. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தோட்டத் தொழிலாளர்களின் பேச்சுமொழிதான் என் ஆய்வு. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டுமென்றால் அதற்கு முன் ஓர் ஆய்விதழாவது நம் கட்டுரையை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு இரண்டு முறை காலநீட்டிப்பு கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது கிடையாது. அந்தக் கல்விப் பருவம் முடிவதற்குள் ஒரு கட்டுரை ஏறாவிட்டால் ஆறு வருடப் படிப்பும் போச்சு. அதனால்தான் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தவள், தினமும் நான்கு முறை தொட்டி மேட்டில் ஒற்றைக் காலில் நின்றேன்.

கட்டுரை எதைப் பற்றி என்றும் சொல்லிவிடுகிறேன். ‘கிள்ளு’ என்ற ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றி. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இருபத்தாறு பக்கம் எழுதியிருந்தேன். கொழுந்தையும் கிள்ளுகிறோம், குழந்தையின் கன்னத்தையும் கிள்ளுகிறோம். ஆகவே தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் விரல்களில் உழைப்பும் தாய்மையும் ஒரே வினைச்சொல்லில் குடியிருக்கின்றன என்பது என் கோட்பாடு. நகங்களைப் பற்றி மட்டும் நான்கு பக்கம். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

முதல் மதிப்பீட்டாளர் இரண்டே வரி எழுதியிருந்தார்: சுவையாக இருக்கிறது, சில இடங்களில் காற்புள்ளி இல்லை. நல்ல மனிதர். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். இரண்டாவது மதிப்பீட்டாளர்தான் என் குடியைக் கெடுத்தார். மூன்று பக்கம், பதினான்கு குறிப்புகள். நகங்களுக்கு நான்கு பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர் வேலைக்கான கருவியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று ஒரு குறிப்பு. கடைசிக் குறிப்பு இது: “கட்டுரையாளர் இந்த மலைக்கு எப்போதாவது போயிருக்கிறாரா என்ற ஐயம் எழுகிறது.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். போயிருக்கிறேனாவா? அந்த மலையைப் பார்த்துக்கொண்டேதான் பல் விளக்குகிறேன்! நான் பிறந்ததே இங்கேதான், இந்த லயத்தில், மூன்றாவது கதவு!

என் ஆய்வு மேற்பார்வையாளர் எனக்கு ஓர் அறிவுரை சொல்லியிருந்தார். நிராகரிப்பு வந்தால் மூன்று நாள் எதையும் எழுதக்கூடாது, நடக்கப் போ, தூங்கு, நாலாம் நாள் குறிப்புகளை மறுபடியும் படி என்று. நான் மூன்று மணி நேரம் அதைக் கடைப்பிடித்தேன். அதில் இரண்டு மணி நேரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொல்லும்போதே குளறுபடி ஆரம்பித்துவிட்டது. அப்பா கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் வாசலில் நின்று, “கட்டுரை ரிஜெக்ட் ஆயிருச்சுப்பா,” என்று அழுகிற குரலில் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “எத்தன பெட்டி?” என்றார்.

“பெட்டி இல்லப்பா. கட்டுரை. ரிஜெக்ட்.”

“அதான்மா கேக்குறேன். முழுசா ரிஜெக்ட்டா, இல்ல மேல் அடுக்கு மட்டுமா?”

கேமரனில் ரிஜெக்ட் என்பது தக்காளியைச் சேர்ந்த சொல். தோலில் கோடு விழுந்தது, ஒரு பக்கம் அமுங்கியது, உருவம் கோணலானது எல்லாம் ரிஜெக்ட். எங்கள் வீட்டுச் சட்னி முழுக்க முழுக்க அதில்தான் வளர்ந்தது. அப்பாவைப் பொறுத்தவரை அது கெட்ட சொல்லே இல்லை.

“ரிஜெக்ட்டுன்னா தூக்கி லோங்காங்குல போடறதாம்மா? வேற லோரில ஏத்தறது. சிங்கப்பூர்க்காரன் வேணான்னா ஈப்போக்காரன் எடுப்பான். என் சர்வீஸ்ல ஒரு தக்காளி வீணாப் போனதில்ல, தெரியுமா?”

லோங்காங் என்றால் சாக்கடை. ஆறு வருடப் படிப்பையும் சாக்கடையையும் ஒரே மூச்சில் சொன்னால் எந்த மகளுக்குத்தான் பொறுக்கும்? நான் கட்டுரை தக்காளி அல்ல என்று கத்தினேன். சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். அம்மா இந்தத் தோட்டத்திலேயே முப்பத்திரண்டு வருடம் கொழுந்து மலையில் வேலை செய்தவள். அவளுக்கு எதையும் யார் சொன்னது, யார் செய்தது என்று தெரிந்தால்தான் புரியும்.

“யாரு வேணான்னு சொன்னது?”

“எடிட்டர்.”

“அவரு யாரு?”

“கடைசி முடிவு எடுக்குறவரு.”

“அப்ப தொர,” என்றார் அப்பா, செய்தித்தாளை மடித்துக்கொண்டே.

“அவருக்குச் சொல்லிக் குடுத்தது ரெண்டு ரெவியூவர். நம்ம எழுதுனதப் பாத்து நல்லாருக்கு, நல்லால்லன்னு எழுதி அனுப்புறவங்க.”

“கங்காணி. ரெண்டு கங்காணி. லெட்டர அடிச்சு அனுப்புனது?”

“அது ஆபீஸ்ல ஒருத்தர்.”

“கிராணி. இப்ப எல்லாம் வெளங்கிருச்சு. எந்தக் கங்காணி வேலையக் காட்டுனது?”

“ரெண்டாவது கங்காணி,” என்றேன் நானும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவருக்கு வேறு பெயர் இல்லை.

“பேரு என்னா?” என்றாள் அம்மா.

“பேரு சொல்ல மாட்டாங்க. அவருக்கும் என் பேரு தெரியாது. அப்படித்தான் வழக்கம்.”

“மூஞ்ச மறைச்சிக்கிட்டு கொழுந்து நிறுக்கிற கங்காணிய இப்பத்தான் கேள்விப்படறேன்,” என்றாள் அம்மா. நான் மலைக்கே போனதில்லை என்று அவர் எழுதியிருந்ததைச் சொன்னதும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. “என் வயித்துல பொறந்த புள்ளயவா? என்னாங்க, கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?”

அப்பா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஏற்கெனவே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். லோரி ஓட்டியதைவிட அப்பாவுக்குப் பெருமை தந்த வேலை, லயத்துக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது. குழாய் உடைந்தால் மனு, கூரை ஒழுகினால் மனு, கோயில் திருவிழாவுக்கு லீவு வேண்டுமென்றால் மனு. அவருடைய மனுவுக்கு ஒரு வாய்பாடு உண்டு. முதலில் துரையின் குடும்ப நலம், பிறகு குறை, பிறகு குறை சொல்பவரின் குடும்ப வரலாறு, கடைசியில் தண்டனை.

அவர் சொல்லச் சொல்ல நான் கைப்பேசியில் இரண்டு கட்டை விரல்களாலும் ஆங்கிலத்தில் தட்டினேன். தமிழில் அது இப்படிப் போயிற்று:

“மதிப்பிற்குரிய பெரிய துரை அவர்களுக்கு வணக்கம். துரை அவர்களும் துரைசானி அம்மாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க இறைவனை வேண்டுகிறோம். தங்கள் இதழின் இரண்டாவது கங்காணி, மனுதாரர் மலைக்கே போனதில்லை என்று அபாண்டமாக எழுதியுள்ளார். மனுதாரர் இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். மனுதாரரின் தாயார் இதே தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் கொழுந்து வெட்டி ஓய்வு பெற்றவர். ஆகவே துரை அவர்கள் கருணை கூர்ந்து மேற்படி கங்காணியை வேறு டிவிஷனுக்கு மாற்றி, மனுதாரரின் கட்டுரையை நேர்மையான ஆளை வைத்து மறுபடியும் நிறுக்கும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.”

துரை, கங்காணி என்ற சொற்களை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டு, கீழே அடிக்குறிப்பு போட்டேன். கோபத்திலும் பழக்கம் விடுகிறதா?

தட்டி முடித்து அனுப்பும் பொத்தானை அமுக்கினேன். வீட்டுக்குள் சிக்னல் இல்லாததால் மின்னஞ்சல் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. தொட்டிக்கு எடுத்துக்கொண்டு போகிறேன் என்று எழுந்தேன். அப்பா கையை நீட்டினார்.

“குடு. நான் டவுன்ல கொண்டு போய் அனுப்பிட்டு வாரேன்.”

“தொட்டிகிட்ட போனாலே போயிருக்கும்பா.”

“தொட்டிகிட்ட போனா அரைகுறையாத்தான் போவும். முக்கியமான லெட்டர். தானா ராத்தா போஸ்டாபீஸ்கிட்ட லைன் நல்லா வரும்.”

எந்த மனுவையும் அவர் இன்னொருவர் கையில் கொடுத்து அனுப்பியதில்லை. கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டி, மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு வீடு அமைதியாயிற்று. எனக்கு மனப்பாரம் இறங்கியதுபோல இருந்தது. அம்மா பின்பக்கம் போய் வேலியோரச் செம்பருத்தியை வெட்ட ஆரம்பித்தாள். நான் படியில் உட்கார்ந்தேன். “அப்பிடி என்னாதான் எழுதியிருந்த?” என்று கேட்டாள். கேட்க மாட்டாளா என்றுதானே ஆறு மாதமாகக் காத்திருந்தேன்! மடிக்கணினியைத் திறந்து, நகங்கள் வரும் பகுதியை நாட்டியமாடாத குறையாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

“‘பெருவிரலும் சுட்டுவிரலும் கொழுந்தின் கழுத்தில் சந்திக்கும் அந்தக் கணத்தில், நகம் வன்முறையை மறந்து, ஒரு தாயின் கிள்ளலாக...’”

செடி வெட்டும் சத்தம் நின்றது.

“எவ கிள்ளுனா?” என்றாள் அம்மா.

“நீதான்மா. கொழுந்து கிள்ளுறது.”

“நானா?” கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினாள். “இது என்னாது?”

“கத்திரி.”

“எதுக்கு?”

“வேலி வெட்ட.”

“முப்பத்திரண்டு வருசமா வேலியாடி வெட்டுனேன்?”

அந்தக் கத்திரியை இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டும். முழங்கை நீளம். கீழ் அலகோடு ஒரு தகரத் தட்டு சேர்த்துப் பிணைத்திருக்கும். வெட்டிய இலை அந்தத் தட்டில் விழும். நிறைந்ததும் தோளுக்கு மேல் ஒரு வீசு வீசினால் முதுகுக் கூடைக்குள் போய் விழும். வேலிச்செடிக்கு எதற்குத் தகரத் தட்டு என்று ஒரு நாளாவது நான் யோசித்ததுண்டா? ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா வாசலில் உட்கார்ந்து அரத்தால் அதைத் தீட்டுவார். அந்தக் கரகர சத்தத்தில்தான் என் பதினேழு வருட ஞாயிறுகள் விடிந்தன. தலையணையைக் காதில் பொத்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அப்படி எழுந்து வளர்ந்து போய், விரல் நகங்களைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். எங்கிருந்து எடுத்தேன்? படித்த புத்தகங்களிலிருந்து. டீத்தூள் பாக்கெட்டின் அட்டையில் சிரிக்கும் பெண்ணிடமிருந்து.

“யாரும் கிள்ளுறதே இல்லையாம்மா?”

“அந்தக் காலத்துல கிள்ளியிருப்பாங்க. நான் பேரு பதிஞ்ச அன்னைக்கே கையில கத்திரியத்தான் குடுத்தாங்க. கிள்ளிக்கிட்டு இருந்தா இந்த மலைய எந்த ஜென்மத்துல முடிக்கிறது? இங்க யாரு கிள்ளுறேன்னு சொல்லுவா? கொழுந்து வெட்டப் போறேன்னுதான் சொல்லுவோம்.” அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்திரியைத் தரையில் ஊன்றிக்கொண்டு சிரித்தாள். “நகமாம்! நாலு பக்கமாம்! கிள்ளுனா உன்னத்தான் கிள்ளணும்.”

“அப்ப ஏம்மா நான் ரெக்காட் பண்ணப்ப கிள்ளுவோம்னு சொன்ன?”

“நீ பரிச்சைக்குன்னு சொன்ன. நீயே கேள்வியும் கேட்டு, பதிலையும் சொல்லிட்டு, ஆமாதானேன்னு கேட்ட. நான் இல்லன்னு சொல்லி உனக்கு மார்க்கு போயிருச்சின்னா? ஆமா போட்டுட்டேன்.”

அப்படியென்றால் இரண்டாவது கங்காணி சரியாகத்தான் நிறுத்திருக்கிறார். கருவி எங்கே என்று கேட்டாரே, அது இங்கே என் வீட்டு வேலியோரம் இருக்கிறது. அந்த மனிதரை வேறு டிவிஷனுக்கு மாற்றச் சொல்லி எழுதிய மனு, பொத்தான் மாட்டிய சட்டைப் பைக்குள் தானா ராத்தாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது!

அம்மாவின் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு தொட்டி மேட்டுக்கு ஓடினேன். அப்பாவின் கைப்பேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது. ஆகவே என் எண்ணுக்கே நான் அழைத்தேன். ஐந்தாவது மணியில் எடுத்தார். மோட்டார் இரைச்சலும் காற்றும்.

“அப்பா! அனுப்பாதீங்க!”

“ஹலோ? யாரு? பாப்பா இங்க இல்ல. வீட்டுல இருக்கு. அப்பறமா கூப்புடுங்க.” வைத்துவிட்டார்.

மறுபடியும் அழைத்தேன். “நான்தாம்பா பேசுறேன்!”

“இல்லன்னு சொல்றேன்ல? இது அவ போனு. அவ வீட்டுல இருக்கா. என்னா மனுசங்க!” அதோடு கைப்பேசியை அணைத்தும்விட்டார். என் வாழ்க்கையில் என்னைத் தேடி வந்த அழைப்பை அத்தனை கடமையுணர்ச்சியோடு யாரும் துண்டித்ததில்லை.

அணைத்துவிட்டாரே, மனு போயிருக்காது என்று ஒரு நப்பாசை. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கையில் சூடான கறிபாப் பலகாரப் பொட்டலம்.

“போயிருச்சு,” என்றார் நெஞ்சை நிமிர்த்தி. “யாரோ ஒருத்தி தொல்ல பண்ணிக்கிட்டே இருந்தா, ஆஃப் பண்ணி வச்சேன். போஸ்டாபீஸ் வாசல்ல நின்னு மறுபடியும் தொறந்தேன். சர்ருனு போயிருச்சு. அலுவல் முடிஞ்சுதுன்னு கறிபாப் வாங்கிட்டு வந்தேன்.”

நான் அழுதேன். அம்மா சிரித்தாள். அப்பா காரணம் புரியாமல் இருவருக்கும் ஆளுக்கொரு கறிபாப் கொடுத்தார்.

அடுத்த ஒன்பது நாட்கள் நான் மனுஷியாகவே இல்லை. தொட்டிப் பக்கம் போகப் பயம், போகாமல் இருக்கவும் பயம். என் பெயரை ஒரு பட்டியலில் எழுதி எல்லா ஆய்விதழ்களுக்கும் அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினேன். பத்தாம் நாள் பதில் வந்தது. இடது காலைக் கல்லில் வைத்துப் படித்தேன்.

ஆசிரியர் எழுதியிருந்தார்: “உங்கள் மனு கிடைத்தது. என் குடும்பத்தார் அனைவரும் நலம், விசாரித்ததற்கு நன்றி. இதுவரை எந்தக் கட்டுரையாளரும் விசாரித்ததில்லை. முடிவை மாற்ற இயலாது. இரண்டாவது கங்காணியையும் மாற்ற இயலாது, அவரைப் போல் கவனமாகப் படிப்பவர் எங்களிடம் வேறு யாரும் இல்லை. மனுவை அவருக்கும் அனுப்பினேன். அவருக்கு ஒரு கேள்வி இருக்கிறதாம். கட்டுரையில் கொழுந்தைக் கிள்ளுகிறார்கள். மனுவில் உங்கள் தாயார் முப்பத்திரண்டு வருடம் வெட்டியிருக்கிறார். இரண்டில் எது?”

இறங்கி வந்து மனுவைத் திறந்து பார்த்தேன். ‘கொழுந்து வெட்டி ஓய்வு பெற்றவர்.’ அப்பா சொன்ன அதே சொல். என் கட்டை விரல்களாலேயே அதை ஆங்கிலமாக்கித் தட்டியிருக்கிறேன். இருபத்தாறு பக்கம் யோசித்து யோசித்து எழுதிய கட்டுரையில் வராத சொல், அரை மணி நேரத்தில் கோபத்தில் எழுதிய மனுவில் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

பிறகுதான் பழைய ஒலிப்பதிவுகளைத் திறந்தேன். அதுவரை அவற்றை நான் முழுசாகக் கேட்டதே இல்லை; எனக்கு வேண்டிய வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் பதிவில் என் குரல் கேட்கிறது: “கொழுந்து கிள்ளும்போது விரல்ல எப்படிம்மா இருக்கும்?” அம்மாவின் குரல்: “கிள்ளுறதா? இல்லம்மா, நாங்க வெட்...” உடனே என் குரல்: “ஆங், அந்த நகத்தால கிள்ளுறதச் சொல்லு.” அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம். பிறகு அம்மா, “ஆமா. கிள்ளுவோம்,” என்கிறாள். நான் அந்த இடத்தை ஐந்து முறை கேட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, ஆனால் அவமானம்தான் பெரிது.

மறுநாள் காலை அம்மா என்னை மலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வெயிலில் கறுத்துவிடுவேன், போய்ப் படி என்று அந்தச் சரிவில் காலே வைக்க விடாதவள் அவள்தான். கங்காணியிடம், அசல் கங்காணியிடம், சொல்லி ஒரு நிரைச் செடிகளை எங்களுக்கென்று வாங்கினாள். கத்திரியைக் கையில் பிடித்ததும் தெரிந்தது, அது கத்திரியல்ல, தண்டனை. ஐந்து நிமிடத்தில் தோள் கழன்றது. இலையைத் தோளுக்கு மேல் வீசினேன். கூடையைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது. பத்தாவது நிமிடம் கால் வழுக்கி மூன்று செடிகள் தாண்டிப் போய் உட்கார்ந்தேன். பக்கத்து நிரையில் வேலை செய்த வங்காளதேசத்து இளைஞர்கள் மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். “பி.எச்.டி. விழுந்துருச்சு,” என்று அம்மா மேலேயிருந்து அறிவித்தாள்.

அப்போது பனிமூட்டம் இறங்கியது. ஐந்தடி தூரத்தில் நின்ற அம்மா காணாமல் போனாள். எங்கே இருக்கிறாய் என்று கத்தினேன். “கத்திரி சத்தத்தக் கேட்டு வா!” என்று பதில் வந்தது. டக், டக், டக். போனேன். மூட்டத்தில் எப்போதும் அப்படித்தானாம். ஆள் தெரியாது, சத்தத்தை வைத்தே யார் எந்த நிரையில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாமாம். வேகமாக இரண்டு வெட்டு வெட்டி நிறுத்தினால் கங்காணி வருகிறார் என்று அர்த்தமாம். அதற்கு ‘கத்திரி பேசுது’ என்று பெயராம். ஆறு வருடம் தோட்டத்துச் சொற்களைத் தேடிய எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. நான்தான் யாரையும் சொல்ல விடவில்லையே.

அன்று மதியம் ஒலிப்பதிவை ஓடவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். “என்னா, ஒண்ணும் கேக்கலியா?” என்றாள் அம்மா. நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். “அப்ப நானே சொல்லட்டா?” என்று ஆரம்பித்தவள், சாயங்காலம் விளக்கேற்றத்தான் எழுந்தாள்.

இரண்டே மாதத்தில் கட்டுரையை முதலிலிருந்து எழுதினேன். கிள்ளு போய் வெட்டு வந்தது. நகங்கள் முற்றாக ஒழிந்தன. அப்பா சொன்னபடியே வேறு லோரியில், அதாவது வேறு ஆய்விதழில், ஏற்றினேன். பருவம் முடிய எட்டு நாள் இருக்கும்போது பதில் வந்தது: சிறு திருத்தங்களுடன் ஏற்கிறோம். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். தொட்டி மேட்டிலிருந்து அந்தச் செய்தியைக் கத்திச் சொன்னபோது, திருத்தம் என்றால் என்ன என்று அப்பா கீழேயிருந்து கேட்டார். “அங்கங்க கொஞ்சம் சரி பண்ணணுமாம்பா!” “அவ்ளோதானே? காம்பு கிள்ளிப் போட்டா கிரேட் ஏ!” என்றார். கிள்ளி என்றதும் அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. பழைய ஆய்விதழின் இரண்டாவது கங்காணிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆசிரியர் வழியாக அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்த முறை அனுப்புவதற்கு முன் அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

“ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு. வெட்டுவதுதான் சரி. கட்டுரையாளர் இந்த மலைக்கு எப்போதாவது போயிருக்கிறாரா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. போனதில்லை. உங்கள் குறிப்பு வந்த பிறகுதான் முதல் முறையாகப் போனேன். என் அம்மா கூட்டிக்கொண்டு போனார்.”

அம்மா கை காட்டி என்னை நிறுத்தினாள்.

“கூட்டிக்கிட்டா போனேன்?” என்றாள். “இழுத்துக்கிட்டுப் போனேன்னு போடு.”

திருத்தினேன். அப்பா ஏற்கெனவே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் கையை நீட்டி நின்றார். கைப்பேசியை அவர் பையில் போட்டு, பொத்தானை நானே மாட்டிவிட்டேன்.